ரிக்குவெஸ்ட் ஹெடரை சேர்வரில் மாற்றுவது: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுபவை

மட்டக்களப்பில் இருந்துகொண்டு பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் உள்ள சில விடுதிகளின் தளங்களையும், மருதமுனைக் கைத்தறிக் கடைகள் இரண்டினதையும், ஒரு ரியூஷன் வகுப்பினதையும் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகள், புதிதாக சேர்வர் வாங்கிய கடைக்காரர்கள், எல்லாரும் ஹெடர் விஷயத்தில் சிக்கினால் எனக்குத்தான் கோல் எடுக்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் வாயால் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கோப்பில் போடும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்து பெரிய எழுத்து பார்த்துப் போடுங்கள்.

ஹெடர் ஹெடர் என்று சொல்றீங்களே, அது எங்கே இருக்கு? பக்கத்தில் கண்ணுக்குத் தெரியிற ஒன்றா?

பக்கத்தில் தெரியாது. உங்கள் பிரவுசர் ஒரு தளத்தைத் திறக்கும்போது முதல் வரியில் "இந்தப் பக்கத்தைத் தா" என்று கேட்கிறது, அதற்குக் கீழே வரி வரியாகச் சில விபரங்களை எழுதி அனுப்புகிறது. எந்தத் தளம் வேண்டும் என்பது ஹோஸ்ட், நான் எந்தப் பிரவுசர் என்பது யூசர்-ஏஜென்ட், எந்த மொழி விருப்பம் என்பது அக்செப்ட்-லாங்குவேஜ், முன்பு நீ தந்த அடையாளம் இது என்பது குக்கி. பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, அவ்வளவுதான். ஒரு வெற்று வரி வந்ததும் ஹெடர் முடிந்தது. பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எச்டிடிபி/2 இல் எல்லாமே சின்ன எழுத்தில்தான் போகும்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஏதாவது ஒரு வரியைத் தட்டினால் ரிக்குவெஸ்ட் ஹெடர் என்று ஒரு பட்டியல் வரும். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

பிரவுசர் ஒழுங்காகத்தானே அனுப்புது, மறுகா நாம ஏன் இடையில் கை வைக்கணும்?

ஏனென்றால் இடையில் ஆள் இருக்கிறார். இன்றைக்குப் பெரும்பாலும் முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வெப்சேர்வர் மென்பொருள் 443 ஆம் போர்ட்டில், அதாவது எச்டிடிபிஎஸ்ஸுக்கான வாசல் இலக்கத்தில், நிற்கும், உங்கள் உண்மையான செயலி பின்னால் 3000 இலோ 8000 இலோ ஓடும். வாடிக்கையாளர் முன்னால் நிற்பவருடன் பேசுகிறார், முன்னால் நிற்பவர் திரும்பிப் பின்னால் இருப்பவரிடம் கேட்கிறார். பின்னால் இருப்பவருக்கு யார் வந்தார், எச்டிடிபிஎஸ்ஸில் வந்தாரா, எந்தப் பெயரைச் சொல்லி வந்தார் என்று ஒன்றும் தெரியாது. அவர் காண்பது முன்னால் நிற்பவரை, அதாவது புரொக்சியை மட்டும். அந்த விபரங்களைப் புரொக்சிதான் ஹெடரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொண்டுபோனால், மேல் பாதியை நீங்கள் நிரப்புவீர்கள், கீழே "அலுவலக உபயோகத்திற்கு மட்டும்" என்று ஒரு கட்டம் இருக்கும். ஹெடரிலும் அப்படி இரண்டு வகை உண்டு. ஹோஸ்ட், குக்கி எல்லாம் விண்ணப்பதாரி நிரப்புவது. வந்தவரின் ஐபி முகவரியைச் சொல்லும் எக்ஸ்-ரியல்-ஐபி, எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர் எல்லாம் அலுவலகக் கட்டம். சிக்கல் என்னவென்றால் அலுவலகக் கட்டத்தையும் விண்ணப்பதாரி தானே நிரப்பிக்கொண்டு வரலாம், தாளில் யாரும் தடுக்கப்போவதில்லை. கவுண்டரில் இருப்பவர் அதை அழித்துவிட்டுத் தான் எழுத வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் விடை, அதனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்_ஹெடர் போட்டேன் அண்ணன், செயலிக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை?

சேராது. என்ஜின்எக்ஸில் அட்_ஹெடர் என்பது திரும்பிப் போகிற பதிலில், அதாவது பிரவுசருக்குப் போவதில் ஹெடர் சேர்ப்பது. உள்ளே வருகிற ரிக்குவெஸ்டைச் செயலிக்குக் கொடுக்கும்போது மாற்ற வேண்டுமென்றால் புரொக்சி_செட்_ஹெடர். அப்பாச்சியிலும் இதே கதை: வெறும் ஹெடர் என்ற கட்டளை பதிலுக்கு, ரிக்குவெஸ்ட்ஹெடர் என்பது ரிக்குவெஸ்டுக்கு. எனக்கு வருகிற கோல்களில் பாதிக்கு இந்த ஒரு வரியே போதும்.

என்ஜின்எக்ஸில் குறைந்தது எத்தனை வரி போட்டால் காரியம் நடக்கும்?

நான்கு. புரொக்சி_பாஸ் (ரிக்குவெஸ்டைச் செயலிக்குக் கடத்தும் கட்டளை) இருக்கிற லொக்கேஷனுக்குள், அதாவது ஒரு முகவரிப் பாதைக்கான அமைப்புப் பகுதிக்குள், இவற்றைப் போடுங்கள்:

புரொக்சி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
புரொக்சி_செட்_ஹெடர் எக்ஸ்-ரியல்-ஐபி $ரிமோட்_அட்ர்;
புரொக்சி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர் $ரிமோட்_அட்ர்;
புரொக்சி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபோர்வர்டட்-புரோட்டோ $ஸ்கீம்;

முதல் வரி ஏன் என்றால், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் ஹோஸ்ட் ஹெடரில் புரொக்சி_பாஸில் இருக்கிற பெயரை, உதாரணமாக 127.0.0.1:3000 (சேர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) என்பதை எழுதிவிடும். பிறகு பாஸ்வேர்ட் மாற்றும் மின்னஞ்சலில் போகிற இணைப்பு 127.0.0.1 என்று வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும், அவர் உங்களுக்குக் கோல் எடுப்பார். $ஹோஸ்ட் என்பதில் போர்ட் இலக்கம் இருக்காது. 8080 போல வேறு போர்ட்டில் வெளியே காட்டுகிறீர்கள் என்றால் $எச்டிடிபி_ஹோஸ்ட் போடுங்கள், அது வந்ததை வந்தபடியே கொடுக்கும். மூன்றாவது வரியில் இணையத்தில் எல்லாரும் எழுதுகிற நீளமான மாறி எங்கே என்று கேட்பீர்கள், அது கீழே மூன்று ஐபி பற்றிய கேள்வியில் வருகிறது.

கோப்பைச் சேமித்ததும் என்ஜின்எக்ஸ் -டி என்று சோதித்து, சரி என்று வந்தால் மட்டும் ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம், ஒரு அரைப்புள்ளி விட்டுப் போயிருந்தால் எல்லாத் தளமும் ஒன்றாக விழும்.

நம்ம இடத்தில் அப்பாச்சிதான். அதில் எப்படி?

உபுண்டு, டெபியன் என்றால் ஏ2என்மொட் ஹெடர்ஸ் என்று தொகுதியை இயக்கிவிட்டு, வேர்ச்சுவல்ஹோஸ்டுக்குள் (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி) ரிக்குவெஸ்ட்ஹெடர் செட் எக்ஸ்-ஃபோர்வர்டட்-புரோட்டோ "எச்டிடிபிஎஸ்" என்று எழுதுங்கள். ஹோஸ்ட் அப்படியே போக வேண்டுமென்றால் புரொக்சிபிரிசேர்வ்ஹோஸ்ட் ஒன். எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோரை அப்பாச்சியின் புரொக்சித் தொகுதி தானாகவே போடும், ஆனால் வாடிக்கையாளர் ஏற்கெனவே ஏதாவது எழுதி அனுப்பியிருந்தால் அதற்குப் பின்னால் ஒட்டும், அழிக்காது. அதனால் அதற்கு முன் ரிக்குவெஸ்ட்ஹெடர் அன்செட் எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர் என்று ஒரு வரி போட்டுக் கட்டத்தை வெறுமையாக்கிக் கொடுங்கள்.

செட் என்பது பழையதை மாற்றி எழுதும். அட் என்பது ஏற்கெனவே ஒன்று இருந்தாலும் அதே பெயரில் இன்னொன்றைச் சேர்க்கும், தெரியாமல் பாவித்தால் தலையிடி. அப்பென்ட் அதே வரியில் காற்புள்ளி வைத்து நீட்டும். செட்இஃப்எம்ப்டி இல்லாவிட்டால் மட்டும் போடும். எடிட் என்றால் தேடி மாற்றுவது. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் .எச்டிஅக்சஸ் கோப்பிலும் இதை எழுதலாம், நிறுவனம் அலவ்ஓவர்ரைடில் ஃபைல்இன்ஃபோவை அனுமதித்திருந்தால்.

ஒரே ஒரு வரிதான் புதிதாகப் போட்டேன், முன்பு வேலை செய்த எல்லா ஹெடரும் காணாமல் போய்விட்டது. பேய் பிடிச்ச சேர்வரா?

பேய் இல்லை, என்ஜின்எக்ஸின் மரபுரிமை விதி அப்படி. மேலே சேர்வர் புளொக்கில் நான்கு புரொக்சி_செட்_ஹெடர் எழுதி வைத்திருக்கிறீர்கள், கீழே உள்ள லொக்கேஷன் எல்லாம் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. சரி. இப்போது ஒரு லொக்கேஷனுக்குள் ஐந்தாவதாக ஒன்று சேர்க்கிறீர்கள். நாலும் ஒன்றும் ஐந்து என்று நாம் நினைக்கிறோம். என்ஜின்எக்ஸ் அப்படி நினைப்பதில்லை: அந்த லொக்கேஷனுக்குச் சொந்தமாக ஒன்று இருந்தால் மேலிருந்து எதையும் வாங்காது. மிஞ்சுவது அந்த ஒன்று மட்டும். தகப்பன் சொத்தில் பங்கு வேண்டுமா, நீயே ஒரு சதம்கூட உழைக்கக்கூடாது என்கிற மாதிரி.

நானும் ஒருமுறை இதில் விழுந்தேன். அறுகம்பேயில் ஒரு விடுதியின் முன்பதிவுப் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஹெடர் சேர்த்தேன், சோதித்தேன், முன்பதிவு வந்தது, மடிக்கணினியை மூடினேன். அடுத்த நாள் காலை விடுதிக்காரர் சொல்கிறார், வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் எல்லாவற்றிலும் இணைப்பு 127.0.0.1 என்று. அலைச்சறுக்கு சீசன் நேரம் வேறு. அன்றிலிருந்து அந்த நான்கு வரிகளையும் தனிக் கோப்பில் வைத்து, புரொக்சி_பாஸ் உள்ள ஒவ்வொரு லொக்கேஷனிலும் இன்குளூட் செய்கிறேன். புதிய வரி அதன் கீழே. அழகாக இல்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

லொக்கை (சேர்வரின் பதிவுக் கோப்பை) திறந்தால் எல்லாருடைய ஐபியும் 127.0.0.1. உலகமே என் சேர்வருக்குள் இருக்கா?

செயலி பார்க்கிற ஆள் புரொக்சி மட்டும் என்று மேலே சொன்னேனே, அதுதான். ஹெடர் அனுப்புவது பாதி வேலை. அந்த ஹெடரை நம்பலாம் என்று செயலிக்கும் சொல்ல வேண்டும். எக்ஸ்பிரஸ் என்றால் டிரஸ்ட் புரொக்சி அமைப்பு, லாரவெல் என்றால் டிரஸ்ட்புரொக்சீஸ். பின்னால் இருப்பது இன்னொரு அப்பாச்சி என்றால் மொட்_ரிமோட்ஐபி தொகுதி, என்ஜின்எக்ஸ் என்றால் ரியல்ஐபி தொகுதி. இவற்றில் எதிலும் "எல்லாரையும் நம்பு" என்று போடாதீர்கள், 127.0.0.1 ஐ மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

இதைச் செய்யாமல் விட்டால் வெறும் லொக் பிரச்சினையோடு நிற்காது. கைத்தறிக் கடை ஒன்றின் தளத்தில் ஐந்து முறை பாஸ்வேர்ட் பிழைத்தால் அந்த ஐபியைப் பூட்டும் செருகி ஒன்று போட்டிருந்தார்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் பாஸ்வேர்டை மறந்து ஐந்து முறை அடித்தார். செருகி பூட்டியது 127.0.0.1 ஐ. ஆக, முதலாளி உட்பட ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. பெருநாளுக்கு முதல் வாரம்.

எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோரில் மூன்று ஐபி வருது. இதில் எது அசல்?

காற்புள்ளி வைத்து ஒவ்வொரு புரொக்சியும் தனக்குத் தெரிந்ததை வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். இடப்பக்கம் முதலாவது இருப்பதுதான் வாடிக்கையாளர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நல்லவர்களுக்கு அது சரி. ஆனால் யாராவது கேர்ல் -எச் என்று (கட்டளைத் திரையிலிருந்து விரும்பிய ஹெடரோடு தளத்தைக் கூப்பிடும் கருவி) தானே ஒரு எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோரை எழுதி அனுப்பினால் அவர் எழுதிய பொய்தான் இடப்பக்கம் முதலாவதாக நிற்கும். அலுவலகக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வந்த விண்ணப்பதாரி இவர்தான்.

என்ஜின்எக்ஸின் $புரொக்சி_அட்_எக்ஸ்_ஃபோர்வர்டட்_ஃபோர் என்ற மாறி வந்ததை அழிக்காமல் பின்னால் ஒட்டும். அதனால்தான் மேலே நான்கு வரியில் அதைப் போடாமல் $ரிமோட்_அட்ர் போட்டேன். இணையத்துக்கு நேரே முகம் காட்டுகிற சேர்வர் என்றால் அழித்து எழுதுவதே சரி. உங்களுக்கு முன்னால் நீங்கள் நம்புகிற இன்னொரு புரொக்சி இருந்தால் மட்டும் ஒட்டுகிற மாறி. அப்போதும் வலப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள், உங்களுடைய ஆட்களைத் தாண்டி முதலாவதாக வருகிற ஐபிதான் நம்பக்கூடிய கடைசி ஐபி.

கிளவுட்ஃபிளேர் என்ற வெளிப் புரொக்சிச் சேவைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு சிஎஃப்-கனெக்டிங்-ஐபி என்று தனி ஹெடர் வரும். செட்_ரியல்_ஐபி_ஃபுரொம் என்பதில் கிளவுட்ஃபிளேர் வெளியிட்டிருக்கும் ஐபி வரிசைகளை எழுதி, ரியல்_ஐபி_ஹெடரில் அந்தப் பெயரைக் கொடுங்கள். வரிசைகளை எழுதாமல் எல்லாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டால், உங்கள் சேர்வரின் நேரடி ஐபியைக் கண்டுபிடித்தவர் அந்த ஹெடரையும் தானே எழுதிவிட்டு வருவார்.

சரி, அசல் ஐபி வந்துவிட்டது. இப்போ ஒரே ஐபியில் நூறு பேர் வாறாங்களே?

அது ஹெடர் பிழை இல்லை. போன் டேட்டாவில் வருபவர்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டமாக ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும். உள்ளே பாவிப்பதற்கென்றே 100.64.0.0/10 என்ற வரிசையை 2012 இல் ஒதுக்கினார்கள், ஆனால் உங்கள் சேர்வருக்குத் தெரிவது வெளியே உள்ள அந்த ஒரு ஐபி மட்டும். ரியூஷன் வகுப்புத் தளத்தில் பெறுபேறு போடுகிற அன்றைக்கு இதை நன்றாகப் பார்க்கலாம். ஐபியை மட்டும் வைத்துத் தடை போடாதீர்கள், கணக்கின் பெயரையும் சேர்த்து எண்ணுங்கள்.

எச்டிடிபிஎஸ் போட்ட நாளிலிருந்து வேர்ட்பிரஸ் சுத்திச் சுத்தி ரீடைரக்ட் ஆகுது. என்ன செய்ய?

முன்னால் எச்டிடிபிஎஸ், பின்னால் வெறும் எச்டிடிபி. வேர்ட்பிரஸ் "நீ எச்டிடிபியில் வந்திருக்கிறாய், எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்கிறது, நீங்கள் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வருகிறீர்கள், புரொக்சி மறுபடியும் எச்டிடிபியில் கொடுக்கிறது. நான்காவது வரியான எக்ஸ்-ஃபோர்வர்டட்-புரோட்டோ இதற்குத்தான். ஆனால் வேர்ட்பிரஸ் அதைத் தானாகப் படிக்காது. டபிள்யூபி-கொன்ஃபிக் கோப்பின் மேல்பகுதியில் அந்த ஹெடர் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் சேர்வர் மாறிகளில் எச்டிடிபிஎஸ் என்பதை ஒன் என்று வை என நிபந்தனை எழுத வேண்டும்.

அதையும் செய்தேன், இன்னும் சுற்றுகிறது என்றால் கிளவுட்ஃபிளேரில் ஃபிளெக்சிபிள் என்று வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அதில் கிளவுட்ஃபிளேர் உங்கள் சேர்வரோடு வெறும் எச்டிடிபியில்தான் பேசும், எனவே $ஸ்கீம் உண்மையாகவே எச்டிடிபி, உங்கள் நான்காவது வரி கிளவுட்ஃபிளேர் சரியாக எழுதியதை அழித்துப் பிழையாக எழுதுகிறது. இலவசச் சான்றிதழ் ஒன்றை சேர்வரிலும் போட்டு ஃபுல் ஸ்ட்ரிக்டுக்கு மாறுங்கள். ஹெடரில் தந்திரம் செய்து தப்பப் பார்க்காதீர்கள்.

ஒரு ஹெடரை முழுசாகத் தூக்க வேணும். வெறுமையாக விட்டால் போதுமா?

என்ஜின்எக்ஸில் போதும். புரொக்சி_செட்_ஹெடர் என்று எழுதிப் பெயருக்குப் பிறகு வெறும் இரட்டை மேற்கோள் போட்டால் அந்த ஹெடர் போகவே போகாது. அப்பாச்சியில் ரிக்குவெஸ்ட்ஹெடர் அன்செட். அடிக்கடி தேவைப்படுவது அக்செப்ட்-என்கோடிங்: பதிலில் ஒரு சொல்லை சப்_ஃபில்டரால் மாற்றப் பார்ப்பீர்கள், பின்னால் இருக்கிற செயலி சுருக்கி அனுப்புவதால் ஒன்றும் மாறாது. இந்த ஹெடரைத் தூக்கினால் சுருக்காமல் அனுப்பும்.

கட்டாயம் தூக்க வேண்டியது புரொக்சி என்ற பெயரிலேயே வருகிற ஹெடர். உண்மையில் அப்படி ஒரு ஹெடருக்கு நியாயமான வேலை எதுவும் இல்லை. ஆனால் சேர்வர் ஒரு நிரலை இயக்கும் சிஜிஐ என்ற முறையில் எந்த ஹெடரும் எச்டிடிபி_ என்ற முன்னொட்டோடு சூழல் மாறியாக மாறும், அப்போது இது எச்டிடிபி_புரொக்சி ஆகிறது, வெளியே போகிற அழைப்புகளுக்கு எந்தப் புரொக்சி என்று பல நிரல் நூலகங்கள் பார்ப்பதும் அதே பெயரைத்தான். ஆக யாரோ ஒருவர் ஒரு வரி ஹெடர் அனுப்பி, உங்கள் செயலி வேறு இடத்துக்கு எடுக்கும் அழைப்பையெல்லாம் தன் வீட்டு வழியாகத் திருப்பலாம். 2001 இலேயே ஒரு பேர்ல் நூலகத்தில் கண்டுபிடித்துத் திருத்தியது, 2016 ஜூலையில் எச்டிடிபொக்சி என்ற பெயரோடு பிஎச்பி, கோ, பைத்தான் என்று பல பக்கமும் மறுபடி வெளிவந்தது. அப்பாச்சியில் ரிக்குவெஸ்ட்ஹெடர் அன்செட் புரொக்சி ஏர்லி.

எங்களிடம் பிஎச்பி-எஃப்பிஎம். புரொக்சி_செட்_ஹெடர் போட்டும் பிஎச்பியில் ஒன்றும் தெரியவில்லை.

உங்களிடம் புரொக்சி_பாஸ் இல்லை, ரிக்குவெஸ்டைப் பிஎச்பிக்குக் கடத்தும் ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் இருக்கிறது. அதற்கு ஃபாஸ்ட்சிஜிஐ_பராம் எச்டிடிபி_எக்ஸ்_உங்கள்பெயர் என்று, இடைக்கோட்டை அடிக்கோடாக்கி, முன்னால் எச்டிடிபி_ சேர்த்து எழுத வேண்டும். மேலே சொன்ன புரொக்சி ஹெடரையும் இங்கே ஃபாஸ்ட்சிஜிஐ_பராம் எச்டிடிபி_புரொக்சி என்பதற்கு வெறுமையைக் கொடுத்துத்தான் அடக்க வேண்டும்.

என் ஹெடர் பெயரில் அண்டர்ஸ்கோர் இருக்கு. சேர்வர் விழுங்கிவிடுது.

விழுங்கத்தான் செய்யும், அது நல்லதுக்கு. முந்திய பதிலில் இடைக்கோடு அடிக்கோடாக மாறுவதைப் பார்த்தீர்கள் அல்லவா. அப்படியென்றால் எக்ஸ்-யூசர் என்ற ஹெடரும் எக்ஸ்_யூசர் என்ற ஹெடரும் செயலிக்குள் ஒரே பெயராகிவிடும். நீங்கள் இடைக்கோட்டுப் பெயரை அழித்து எழுதுவீர்கள், திருடன் அடிக்கோட்டுப் பெயரில் நுழைவான். அதனால் என்ஜின்எக்ஸ் அடிக்கோட்டுப் பெயர்களை இயல்பாகவே ஒதுக்குகிறது, அப்பாச்சி 2.4 உம் சூழல் மாறியாக்கும்போது கைவிடுகிறது. அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெடர்ஸ் ஒன் என்று திறக்கலாம். நான் திறப்பதில்லை, பெயரை மாற்றச் சொல்வேன். மாற்றும்போது எக்ஸ்- என்ற முன்னொட்டும் கட்டாயமில்லை, புதிய ஹெடர்களுக்கு அது வேண்டாம் என்று 2012 இலேயே ஆர்எஃப்சி 6648 சொல்லிவிட்டது.

அரட்டைப் பெட்டி, அதாவது வெப்சொக்கெட், புரொக்சிக்குப் பின்னால் வேலை செய்யுதில்லை.

அப்கிரேட், கனெக்ஷன் என்ற இரண்டு ஹெடரும் பக்கத்து ஆளோடு முடிந்துபோவவை, புரொக்சி அவற்றைத் தாண்டி அனுப்பாது. நீங்களாகச் சொல்ல வேண்டும்: புரொக்சி_எச்டிடிபி_வேர்ஷன் 1.1, பிறகு அப்கிரேடுக்கு $எச்டிடிபி_அப்கிரேட், கனெக்ஷனுக்கு "அப்கிரேட்". சரியாகப் போனால் எஃப்12 இல் 101 என்ற பதில் தெரியும். இணைந்து ஒரு நிமிடத்தில் அறுகிறது என்றால் புரொக்சி_ரீட்_டைம்அவுட்டின் இயல்பான 60 விநாடிதான் காரணம். இதையும் வேறு லொக்கேஷனில் போடும்போது அந்த நான்கு வரியை மறந்துவிடாதீர்கள், காரணம் மேலே பேய்க் கேள்வியில்.

400, குக்கி பெரிசு என்று வருது. ஹெடருக்கும் அளவு இருக்கா?

இருக்கிறது. என்ஜின்எக்ஸில் லார்ஜ்_கிளையன்ட்_ஹெடர்_பஃபர்ஸ் இயல்பாக 4 துண்டு, துண்டுக்கு 8 கிலோபைட், ஒரு ஹெடர் வரி ஒரு துண்டுக்குள் அடங்க வேண்டும். அப்பாச்சியில் ஒரு வரிக்கு 8190 பைட். கூட்டலாம், ஆனால் முதலில் எந்தச் செருகி இவ்வளவு குக்கி எழுதுகிறது என்று பாருங்கள். கூடை நிறைய ஆடையைக் குக்கிக்குள் அப்படியே எழுதி வைத்த ஒரு கடையை நான் கண்டிருக்கிறேன்.

ரகசியச் சாவியைப் பிரவுசருக்குக் கொடுக்காமல் சேர்வரே ஹெடரில் சேர்த்து வெளி ஏபிஐக்கு (நம்ம செயலி கூப்பிடுகிற வேறு ஆட்களின் சேவைக்கு) அனுப்பலாமா?

அனுப்பலாம், நல்ல யோசனைதான். புரொக்சி_செட்_ஹெடர் ஒத்தரைசேஷன் என்று எழுதி, அந்த வரியைத் தனிக் கோப்பில் போட்டு ரூட் மட்டும் படிக்கும்படி வைத்து, கிட் என்ற நிரல் களஞ்சியத்தில் ஏற்றாமல் இருங்கள். ஹோஸ்ட் ஹெடரில் உங்கள் தளத்தின் பெயரை அனுப்பாமல் அந்த ஏபிஐயின் பெயரை அனுப்ப வேண்டும், புரொக்சி_எஸ்எஸ்எல்_சேர்வர்_நேம் ஒன் என்றும் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று தெரியாமல் கதவைச் சாத்தலாம். குக்கியையும் வெறுமையாக்கி விடுங்கள், உங்கள் வாடிக்கையாளரின் குக்கி அவர்களுக்கு எதற்கு.

ஒன்றை மறக்கிறார்கள். சாவி ஒளிந்திருக்கிறது, வாசல் ஒளிந்திருக்கவில்லை. அந்த லொக்கேஷனின் முகவரி தெரிந்த எவரும் உங்கள் சாவியால், உங்கள் கணக்கில், உங்கள் காசில் அந்த ஏபிஐயைக் கூப்பிடலாம். உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் என்று பூட்டுங்கள், அல்லது அழைப்பைச் செயலிக்குள்ளேயே வையுங்கள். அதேபோல எக்ஸ்-யூசர் என்ற ஹெடரை வைத்து உள்நுழைந்தவர் யார் என்று செயலிக்குச் சொல்கிறீர்கள் என்றால், உள்நுழைவு இல்லாத லொக்கேஷன்களிலும் அதை வெறுமையாக்குங்கள்.

அப்பாச்சியில் ஹெடரை மாற்றினேன், ஆனால் ரீரைட் விதி பழைய மதிப்பைத்தான் பார்க்குது.

ரிக்குவெஸ்ட்ஹெடர் வேலை செய்வது கடைசி நேரத்தில், செயலிக்குக் கொடுப்பதற்குச் சற்று முன். வேர்ச்சுவல்ஹோஸ்டில் எழுதிய ரீரைட் விதி (முகவரியை மாற்றி எழுதும் விதி) அதற்கு வெகு முன்பே ஓடி முடிந்துவிடும். வரி எண்ணில் எது மேலே எழுதியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. வரியின் கடைசியில் ஏர்லி என்று சேர்த்தால் ஆரம்பத்திலேயே ஓடும், ஆனால் அதை டைரக்டரி, லொக்கேஷன் புளொக்குகளுக்குள் வைக்க முடியாது, சேர்வர் மட்டத்தில்தான். பெரும்பாலும் ஹெடரை மாற்றாமலே செட்என்வ்இஃப் வைத்து ஒரு கொடியை உயர்த்தி, விதியில் அதைப் பார்ப்பது சுலபம்.

மாத்தினது உண்மையில் செயலிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? எஃப்12 இல் தெரியவில்லையே.

எஃப்12 இல் தெரியாது, அது பிரவுசர் அனுப்பியதை மட்டும் காட்டும், புரொக்சி மாற்றியது அதற்குப் பிறகு. $எச்டிடிபி_எக்ஸ்_ஃபோர்வர்டட்_ஃபோர் என்று என்ஜின்எக்ஸ் லொக்கில் எழுதினாலும் அது உள்ளே வந்ததுதான், வெளியே கொடுத்தது இல்லை. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

நான் செய்வது இது. ஆட்கள் குறைந்த நேரத்தில் செயலியை நிறுத்திவிட்டு அதே போர்ட்டில் என்சி -எல் 3000 என்று, வந்ததை அப்படியே திரையில் காட்டும் நெட்கேட்டை உட்கார வைப்பேன், சில பதிப்புகளில் -எல் உடன் -பி உம் வேண்டும். இன்னொரு திரையிலிருந்து கேர்ல் -எச் மூலம் வேண்டுமென்றே ஒரு பொய் எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோரோடு தளத்தைக் கூப்பிடுவேன். நெட்கேட் திரையில் ஹெடர் எல்லாம் வரி வரியாக, புரொக்சி எழுதியது எழுதியபடி விழும். என் பொய் அதில் இருந்தால் கொன்ஃபிக் பிழை. நெட்கேட் பதில் சொல்லாது, கேர்ல் காத்துக்கொண்டே இருக்கும். நெட்கேட் திரையில் கண்ட்ரோல்-சி அடித்தால் கேர்லில் 502 வரும், பயப்பட வேண்டாம். செயலியை மறுபடி ஏற்றிவிடுங்கள். பிஎச்பிக்காரர்கள் கெட்ஓல்ஹெடர்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு போட்டும் பார்க்கலாம், பார்த்ததும் அழித்துவிடுங்கள். போன வருடம் போட்ட சோதனைக் கோப்பு இன்னும் கிடக்கிற தளங்கள் இரண்டு எனக்குத் தெரியும், அதில் ஒன்று நான் போட்டது.